ஒரு முழு, ஒரு அரை, ஒரு துப்பாக்கி

ஓட்டுப்பதிவு முடிந்து, மெஷின்களை ஏற்றிக்கொண்டு அதிகாரிகளின் ஜீப்புகள் மலை இறங்கிப் போன மறுநாள் காலையில், சேம்பக்கானல் என்ற மலையூரைக் காடு வந்து சூழ்ந்துகொண்டது. அதற்கு முந்தின நாள் வரை காடு தன் இடத்தில்தான் இருந்தது. காப்பித் தோட்டங்களைத் தாண்டி, சௌசௌ பந்தல்களைத் தாண்டி, பேரிக்காய் மரங்களைத் தாண்டி, யானைக்குப் போட்ட வேலியையும் தாண்டி மரியாதையாக நின்றது. அன்றைக்கு அது தண்ணீர் டேங்க் வரைக்கும் வந்திருந்தது. அடிவாரத்துக்கு இறங்கும் தார் ரோடு கடைசி வீட்டைக் கடந்ததும் ஒரு ஈட்டி மரத்தின் தூரில் போய் முட்டி நின்றது. நாலு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரம், அதன் மேல் பாசி, பாசியின் மேல் பூச்செடி, பூவின் மேல் தேனீ.

நான் அந்த ஊர்க்காரன் இல்லை. அடிவாரத்திலிருந்து சாயங்காலம் ஏறி, இரவு அங்கே தங்கி, காலையில் இறங்குகிற பேருந்தின் கண்டக்டர். வழக்கம்போல விசில் கொடுத்தேன். டிரைவர் மொக்கராசு அண்ணன் வண்டியை எடுத்து, மரத்துக்கு முன்னால் நிறுத்தி, இறங்கி அதை ரெண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"ரோடு இல்லப்பா. சனங்கள எறக்கி விடு" என்றார்.

ஊரும் அவ்வளவுதான் ஆச்சரியப்பட்டது. விறகுக்கு அலைய வேண்டாம் என்று பெண்கள் சொன்னார்கள், இனி குரங்கு சோத்துப் பானைக்குள்ளேயே வந்து உட்காரும் என்று ஆண்கள் சொன்னார்கள், இரண்டும் நடந்தது. செல்போன் கோபுரத்தில் கொடி ஏறி மஞ்சளாய்ப் பூத்தது, சிக்னல் போனது. டீக்கடையில் பாக்கெட் பால் தீர்ந்தது, வறக்காப்பி வந்தது, வறக்காப்பியில் சீனி தீர்ந்தது, அதன் பிறகும் எல்லாரும் அதே நேரத்துக்கு அதே பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். டீசல் இருக்கும் வரை மொக்கராசு அண்ணன் வண்டியைத் தண்ணீர் டேங்கிலிருந்து மாதா கோயில் வரைக்கும், மாதா கோயிலிலிருந்து டேங்க் வரைக்கும் ஓட்டினார். டீசல் தீர்ந்த பிறகும் காலையில் சிலர் குளித்து, பவுடர் போட்டு, நிற்கிற வண்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். நான் யாரையும் இறக்கி விடவில்லை, எனக்கும் அது தேவையாகத்தான் இருந்தது.

தேர்தல் என்றால் அந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு. காட்டுப்பன்றிக்கும் திருட்டுக்கும் பயந்து லைசென்ஸ் வாங்கித் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாரும், தேதி அறிவித்த உடனே அதைக் கொண்டுபோய் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். ஓட்டு எண்ணி, இன்னார் ஜெயித்தார் என்று சொன்ன பிறகுதான் திரும்ப வாங்க முடியும். நீளத் துப்பாக்கிகளை எல்லாம் ஜீப் அடிவாரத்துக்கு அள்ளிக்கொண்டு போயிருந்தது. கைத்துப்பாக்கிகள் மட்டும் ஊரிலிருந்த புறக்காவல் நிலையத்து இரும்பு பீரோவில் கிடந்தன. அதற்குக் காவல் ஏட்டு ஜெயக்கொடி, ஒற்றை ஆள். ரோடு இல்லாததால் முடிவு வரவில்லை, முடிவு வராததால் தேர்தல் முடியவில்லை, தேர்தல் முடியாததால் சட்டம் அப்படியே நின்றது. முக்கு ரோட்டுத் தலைவர் சிலைக்குச் சுற்றிய துணியை யாரும் அவிழ்க்கவில்லை, அது மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து நைந்தது. முத்தாலம்மன் திருவிழாவுக்கு அனுமதி தர மேலே ஆள் இல்லை என்று ஏட்டு கையை விரித்தார். வேட்டு மருந்து கோயில் அறையில் ஈரம் கோத்துக் கிடந்தது. கட்டின வீடு இடிந்தாலும் வாசல்படிக்கு மரியாதை கொடுக்கிற ஊர் அது, யாரும் ஏட்டை எதிர்த்துப் பேசவில்லை.

காட்டுக்குள் போன எல்லாரும் திரும்பி வந்தார்கள். அதுதான் அந்தக் காட்டின் குணம். மேற்கே ஈட்டி மரத்தைச் சுற்றிக்கொண்டு நுழைந்தவன் நேராக நடப்பான், திரும்பவே மாட்டான், சூரியனைப் பார்த்துப் பார்த்து நடப்பான், கடைசியில் கிழக்கே மாதா கோயில் பின்சுவரில் வந்து முட்டி நிற்பான், காலெல்லாம் அட்டைக்கடியோடு. நானும் மொக்கராசு அண்ணனும் எத்தனையோ முறை அப்படி வந்து முட்டியிருக்கிறோம். வராதவர்கள் ஒரே ஒரு சோடி, காதல் செய்து வேறு வேறு சாதியானதால் அடியும் உதையும் வாங்கி, காடு வந்த முதல் வாரத்திலேயே கைகோத்துக்கொண்டு உள்ளே போன பிள்ளைகள். அதுகளைப் புலி தின்றுவிட்டது என்று இரண்டு சாதியும் ஒற்றுமையாகச் சொன்னது.

பிறகு ஏட்டு தன் ரைபிளோடு போனார். உள்ளே ஒரு கரடி எழுந்து நின்றதாம், சுட்டாராம், தப்பிவிட்டதாம். கரடிக்குத் தப்பின குண்டு காட்டுக்குள் போனதெல்லாம் போகிற பாதையிலேயே போய், கிழக்கிலிருந்து ஊருக்குள் வந்து, மாதா கோயில் எதிரில் வாசலில் மிஷினை மிதித்துக்கொண்டிருந்த டெய்லர் சந்தியாகுவின் கழுத்தில் இறங்கியது. ஏட்டு மறுநாள்தான் அதே கிழக்கிலிருந்து வந்து சேர்ந்தார். "கரடி தப்பிச்சிருச்சுய்யா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவரே விசாரித்து, அவரே பாடிக்கு மாலை போட்டு, அவரே குழிக்குள் இறங்கி மண் தள்ளினார். அதன் பிறகு ரைபிளையும் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். யார் துப்பாக்கியைக் கேட்டாலும் "எண்ணி முடியட்டும், முடிவு வரட்டும்" என்பார். எனக்கு அந்த ஆள் மேல் கோபம்தான், ஆனால் அவர் சாப்பிடாமல் கிடந்ததையும் பார்த்தேன்.

இந்த ஊரில்தான் விருமாயி இருந்தாள். காப்பிப்பழம் பறிக்கப் போகிறவள்; புருசன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான், காடு வந்தபோது அவன் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டான். மகள் தர்ஷினி நாலாம் வகுப்பு. பெரியவர்களுக்கு வருகிற சர்க்கரை இல்லை, சின்னப் பிள்ளைக்கு வருகிறது, ஊசி போட்டால்தான் சோறு, ஊசி இல்லையென்றால் உயிர் இல்லை. மருந்து பாட்டிலை ஈர மணல் நிறைத்த கலயத்துக்குள் புதைத்து வைத்திருப்பாள் விருமாயி. மாதா மாதம் என் வண்டியில் தாயும் மகளும் அடிவாரத்துப் பெரியாஸ்பத்திரிக்கு வந்து அந்த மருந்தை வாங்கிப் போவார்கள். பாட்டிலின் ஆரஞ்சு மூடிகளைச் சேர்த்து வைத்துச் சொப்பு விளையாடுவாள் தர்ஷினி. அரை டிக்கெட்டை அவள் கையில்தான் தர வேண்டும், அம்மாவிடம் தந்தால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வாள். வண்டி நின்று காலைத் தரையில் வைத்த உடனே அதை நிலக்கடலை அளவுக்குக் கசக்கி உருட்டி எறிவாள்.

"ஏய், செக்கர் வந்தா என்ன செய்வ?" என்று அதட்டுவேன்.

"அதான் எறங்கிட்டேன்ல" என்பாள்.

காடு வந்த பிறகு விருமாயி மருந்தைக் குறைத்தாள், மருந்தைக் குறைத்ததால் சோற்றைக் குறைத்தாள், சோற்றைக் குறைத்ததால் பிள்ளை குறைந்தது. பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத் தானே காட்டுக்குள் போய்ப் பார்த்தாள். தன்னால் முடிந்த மட்டும் ஓடினாளாம், ஓடிக்கொண்டே இருந்தவள் மாதா கோயில் பின்சுவரில் வந்து விழுந்தாள். சுவரில் தலையை முட்டி முட்டி அவள் அழுததை நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு ஊரே நின்று பார்த்தது.

அதற்கப்புறம் ஒரு காலையில், டீக்கடை பெஞ்சில் நான் புலம்பிக்கொண்டிருந்தேன். வண்டியை அநாதையாய் விட்டுவிட்டு டிப்போவில் போய் என்ன சொல்வது, நடக்க நடக்க எனக்கு இதே நினைப்பு, நினைப்பு முடிவதற்குள் மாதா கோயில் வந்துவிடுகிறது என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். தண்ணீர் மோக்க வந்த விருமாயி சிரிக்கவில்லை. குடத்தை இறக்கி வைத்தாள்.

"கண்டக்டரண்ணே, ஒங்களுக்கு வண்டி. ஏட்டய்யாவுக்கு அந்தப் பீரோ. எனக்கு எம் புள்ள. ஓடிப்போன அதுகளுக்கு இங்க என்ன இருந்துச்சு?"

"என்ன இருந்துச்சு, அடிதான் இருந்துச்சு."

"அதான் வரல" என்றாள். குடத்தை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

அன்றைக்கு மத்தியானமே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புறக்காவல் நிலையத்துக்கு வந்துவிட்டாள். பின்னால் ஊரும் வந்தது. பிள்ளை தோளில் துவண்டு கிடந்தது, தண்ணி தண்ணி என்று உதடு மட்டும் அசைந்தது. யானையும் காட்டு மாடும் செந்நாயும் இருக்கிற காட்டில் பிள்ளையைச் சுமந்துகொண்டு போகப் போகிறேன், ஒரு துப்பாக்கி கொடுங்கள் என்றாள்.

"எண்ணி முடிச்சு முடிவு சொல்லாம குடுக்க எனக்கு ரூல் இல்ல தாயி" என்றார் ஏட்டு. தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

விருமாயி கும்பிடவும் இல்லை, கத்தவும் இல்லை. பிள்ளையை அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"மோந்து பாருங்கய்யா."

பேரிக்காய் அழுகுவதற்கு முன்னால் ஒரு வாசனை அடிக்கும் பாருங்கள், பிள்ளையின் மூச்சில் அந்த வாசனை அடித்தது. வாசல் வரைக்கும் எனக்கே அடித்தது.  ஏட்டு சட்டையைத் தூக்கி, அரைஞாணில் இருந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார், வியர்வையில் இறுகி அவிழவில்லை, பல்லால் கடித்து அறுத்தார்.

"எண்ணிட்டாங்கன்னே வச்சுக்குவம்" என்றார்.

"யாரு ஜெயிச்சா?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான்.

"எவனோ ஜெயிச்சான். தள்ளி நில்லுடா."

தன் ரைபிளைத் தொடாமல், பீரோவில் இருந்த கைத்துப்பாக்கிகளை எடுத்துப் பக்கத்து டீக்கடை பெஞ்சில் வரிசையாக வைத்தார். மூன்று இருந்தன. ஒன்று, ரிட்டயர்டு சுபேதார் பால்பாண்டியின் ரிவால்வர், ஆறு குண்டு, எண்ணெய் போட்டுத் துடைத்துக் கறுப்பாய் மின்னியது. இன்னொன்று மிளகுத் தோட்டத்து முதலாளி தேவசகாயத்தின் பிஸ்டல், அவருடைய தாத்தா துரைமார் கையிலிருந்து வாங்கியது, பிடியில் யானைத் தந்தம். கடைசியில் கிடந்தது கேஸ் சொத்து. பன்றி வேட்டைக்காரன் ஒருவனிடம் பிடித்த நாட்டுக் கைத்துப்பாக்கி, பழைய ஜீப்பின் ஸ்டியரிங் குழாயை அறுத்து, பலாக்கட்டையில் பிடி வைத்து, கம்பியால் இறுக்கிக் கட்டியது. வாய்வழியாக மருந்து போட்டு இடித்து, ஒரு தடவை வெடித்தால் மறுபடியும் முதலிலிருந்து இடிக்க வேண்டும்.

அந்த மத்தியானத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. ஒரு உயிர் போய்க்கொண்டிருந்தது, இரண்டு பெரிய மனிதர்கள் எது நல்ல துப்பாக்கி என்று சண்டை போட்டார்கள். காட்டுக்கு ஒன்றே ஒன்றுதான் என்றால் ரிவால்வர்தான் என்றார் பால்பாண்டி. சேறு புகுந்தாலும் சுற்றும், நனைந்தாலும் சுடும், எல்லையில் பனிக்குள் புதைத்துவிட்டு எடுத்துச் சுட்டிருக்கிறேன் என்றார். அது உரல் கனம் கனக்கும், பிள்ளையைச் சுமக்கிற பொம்பளை அதையும் சுமப்பாளா, என்னுடையது கைக்கு அடக்கம், குண்டும் அதிகம் என்றார் தேவசகாயம். உங்களுடையது மழை வாடை பட்டாலே இறுகிக்கொள்ளும், போன தீபாவளிக்கே வெடிக்கவில்லை என்றார் பால்பாண்டி. கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. தேர்தலில் யார் யார் எந்தக் கட்சிக்கு நின்றார்களோ அதே மாதிரியே பிரிந்தது.

விருமாயி பிள்ளையை முதுகில் போட்டு, பழைய சேலையால் குறுக்கே கட்டிக்கொண்டாள். ஒரு கை பிள்ளையின் காலைப் பிடித்திருந்தது. இன்னொரு கையால் ரிவால்வரை எடுத்துப் பார்த்தாள்.

"இதுல ஆறு குண்டா?"

"ஆறு தாயி. ஆறும் பேசும்" என்றார் பால்பாண்டி.

"பேசிட்டு எங்க வரும்?"

 எல்லார் கண்ணும் ஒரே நேரத்தில் எதிர் வாசலுக்குப் போனது. அங்கே சந்தியாகுவின் தையல் மிஷின் சாக்குப் போட்டு மூடி இருந்தது, அவர் பெண்சாதி செசிலி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ஏட்டு ஜெயக்கொடி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

விருமாயி ரிவால்வரைப் பெஞ்சில் வைத்தாள், தந்தப்பிடி பிஸ்டலைத் தொடவே இல்லை. நாட்டுத் துப்பாக்கியை எடுத்தாள்.

"இதுல குண்டு போடாம வெடிக்கலாமாய்யா?"

"கல்லு, ஆணி, துணி, காகிதம், எதப் போட்டாலும் தள்ளும்" என்றார் ஏட்டு. "ஒண்ணும் போடாட்டியும் சத்தம் போடும். மலையே திரும்பிப் பாக்கும்."

"எனக்குச் சத்தம் போதும். உசுரு போனா எம் புள்ளயோட போகட்டும். இன்னொருத்தி வாசல்ல வந்து விழ வேணாம்."

செசிலி உள்ளே போனாள். புருசன் வெட்டிப் போட்ட துணிக்கழிவுகளை ஒரு பையில் கொண்டுவந்து தந்தாள், குழாயில் வெடிமருந்தை அடைப்பதற்கு. எல்லாம் பள்ளிக்கூட யூனிபார்ம் நீலம். கோயில் அறையைத் திறந்து வேட்டு மருந்தைக் கொட்டிப் பார்த்ததில் முக்கால்வாசி களியாகியிருந்தது, இரண்டு வெடிக்கு மட்டும் தேறியது. அதை தர்ஷினியின் காலி மருந்து பாட்டில்கள் இரண்டில் போட்டு ரப்பர் அடைப்பானை அழுத்தினார் ஏட்டு, இனி மழை பெய்தாலும் நனையாது. எப்படி இடிப்பது, எப்படித் தீ காட்டுவது என்று அவளுக்கு ஒரு முறைதான் சொன்னார், அவள் இரண்டாம் முறை கேட்கவில்லை.

"ஒண்ண வழிக்கு வச்சுக்க" என்றார். "ஒண்ண மிச்சம் வச்சுக்க முடிஞ்சா, அடிவாரத்துல காட்டு ஓரமா நின்னு காட்டப் பாத்துப் போடு. காட்டுக்குள்ள சுட்டது எல்லாம் இந்த ஊருக்குத்தான வருது. நீ சேந்துட்டன்னு தெரிஞ்சுக்குவோம்."

பிறகு விருமாயி ஒவ்வொன்றாய் விட்டாள். ஆடுகளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள். அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்தாள். வீட்டைப் பூட்டவில்லை, கதவை இரண்டு பக்கமும் திறந்து வைத்தாள். குலசாமி படத்தைக் கழற்றிச் சேலைக்குள் செருகிக்கொண்டாள். கலயத்திலிருந்த கடைசிப் பாட்டிலைச் சாய்த்துச் சாய்த்து உறிஞ்சி, கடைசிச் சொட்டு வரை பிள்ளைக்குக் குத்திவிட்டு, மணலை வாசலில் கொட்டினாள். ஆரஞ்சு மூடிகள் இருந்த டப்பாவை என்னிடம் தந்தாள், வெளுத்துப்போன மூடிகள்.

"அவ சொப்பு. நீங்க வச்சுக்கங்கண்ணே. குடுத்ததுக்கு யாரும் திரும்பி வர மாட்டாக."

எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பையைத் திறந்து, அடிவாரத்துக்கு ஒரு முழு, ஒரு அரை கிழித்தேன். முழுவை விருமாயியிடம் தந்தேன். அரையைப் பிள்ளையின் விரல்களுக்குள் வைத்து மூடினேன். கண்ணைத் திறக்காமலே அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

ஈட்டி மரம் வரைக்கும் எல்லாரும் போனோம். அதுவரை உள்ளே போன ஒவ்வொருவரும் "போய்ட்டு வர்றேன்" என்றுதான் சொல்லிப் போனார்கள். வெறுமனே போறேன் என்று நம் பக்கத்தில் யாரும் சொல்வதில்லை, சாவு வீட்டில்கூடச் சொல்லாமல்தான் நகர்வார்கள். விருமாயி மரத்துப் பக்கம் திரும்பி நின்றாள், எங்களைப் பார்க்கவில்லை.

"போறோம்" என்றாள்.

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். யாரோ ஒருத்தி பழக்கத்தில் "போய்ட்டு வா" என்று தொடங்கி, பாதியில் தன் நாக்கையே கடித்துக்கொண்டாள். இலைகள் அசைந்தன, சேலைக் கட்டிலிருந்து பிள்ளையின் ஒரு கால் தொங்கி ஆடியது, அதன் பிறகு அதுவும் தெரியவில்லை.

மறுநாள் உச்சிவேளையில் கிழக்கே வெடிச்சத்தம் கேட்டது. சந்தியாகு செத்ததிலிருந்து எந்தச் சத்தம் கேட்டாலும் தரையில் படுப்பது ஊருக்குப் பழக்கமாகிவிட்டது, எல்லாரும் படுத்தோம். மாதா கோயில் சுவருக்கு மேலே கருகின நீலத் துணி ஒன்று புகைந்துகொண்டே வந்து விழுந்தது. அடிவாரம் காட்டு வழியாக ஒரு நாளில் நடந்து போகிற தூரம் இல்லை. அப்படியென்றால் அது வழியில் போட்ட வெடி. எதிரில் ஏதோ நின்றிருக்கிறது. அது ஓடியதா, ஓடாமல் மேலே வந்ததா என்று துணி சொல்லவில்லை. செசிலி அதை எடுத்துப் பார்த்து, இது அவர் வெட்டினதுதான் என்று சொல்லி மடியில் வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு கிழக்கிலிருந்து ஒன்றும் வரவில்லை. நாள் போனது, இன்னொரு நாள் போனது, மழை பிடித்தது. ஏட்டு ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மாதா கோயில் பின்சுவர் ஓரத்தில் போட்டு உட்கார்ந்தார், மழையிலும் எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு விடியலிலும் நான் அந்தச் சுவருக்குப் போய்ப் பார்ப்பேன், விருமாயி வந்து விழுந்து கிடக்கிறாளா என்று. கிடந்தால் அவள் உயிரோடு இருக்கிறாள் என்று ஆகும், ஆனால் மருந்து கிடைக்காமல் பிள்ளை போய்விட்டது என்று ஆகும். கிடக்காவிட்டால் எதுவும் சொல்ல முடியாது. அவள் வரக்கூடாது என்று வேண்டிக்கொள்வேன், வேண்டி முடித்த உடனே என் நாக்கை அறுத்துக்கொள்ளலாம் போல இருக்கும்.

"ரிவால்வரக் குடுத்திருக்கணும்" என்றார் பால்பாண்டி டீக்கடையில். "நான் அப்பவே சொன்னேன்."

"ஏன், அது இருந்திருந்தா இங்க எவன் செத்திருப்பான்னு பாக்கவா?" என்று அடிக்கப் போனேன். மொக்கராசு அண்ணன் என்னை இழுத்துப் பிடித்தார். பால்பாண்டியும் அழுதுகொண்டுதான் இருந்தார், அதை நான் அப்புறம்தான் பார்த்தேன்.

ஊர் மெல்ல மெல்ல அவர்களை இறந்தவர்களாகப் பேசத் தொடங்கியது. நல்ல புள்ளை, சூட்டிகையான புள்ளை என்று இறந்த காலத்தில் சொன்னார்கள். செசிலி இரண்டு மெழுகுவத்தி கூடுதலாக ஏற்றினாள். திறந்து கிடந்த அந்த வீட்டுக்குள் காடு மெதுவாக நுழைந்தது, அடுப்பில் ஒரு பெரணி முளைத்தது.

மழை விட்ட ஒரு காலையில், நிற்கிற வண்டியில் நான் பயணிகளோடு சும்மா உட்கார்ந்திருந்தபோது, கிழக்கே வெடித்தது.

ஊர் முழுக்கத் தரையில் படுத்தது. ஏட்டு மட்டும் படுக்கவில்லை, நாற்காலியை விட்டு எழுந்து நெஞ்சைக் காட்டிக்கொண்டு நின்றார். வந்தது அவர் நெஞ்சில்தான் பட்டது. பட்டுக் கீழே விழுந்தது. நான் ஓடிப் போனபோது அவர் முட்டிக்கால் போட்டு ஈரப் புல்லில் தேடிக்கொண்டிருந்தார், சட்டையில் கரிப்புள்ளி ஒன்று இருந்தது, காயம் இல்லை.

கையில் எடுத்து என்னிடம் நீட்டினார். புத்தம் புதிய ஆரஞ்சு மூடி. என் டப்பாவில் இருந்த எதையும்போல் வெளுக்காதது, இன்னும் பளபளப்பு போகாதது, புதுப் பாட்டிலைத் திறந்தால் மட்டும் கையில் வருவது. மூடியின் குழிக்குள் ஒரு காகித உருண்டை செருகியிருந்தது.

"இது என்னய்யா, எதாச்சும் எழுதியிருக்கா? எனக்குக் கண்ணு தெரியல" என்றார் ஏட்டு. கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அதனால்தான் தெரியவில்லை.

நான் பிரித்துப் பார்த்தேன். ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஓரம் கருகி இருந்தது, நான் கிழித்த பக்கம் மட்டும் அப்படியே இருந்தது. அது அரை டிக்கெட். நிலக்கடலை அளவுக்குக் கசக்கி உருட்டியிருந்தது.

"எறங்கிட்டாய்யா" என்றேன். "புள்ள எறங்கிட்டா."